சவ்வின் இரு பக்கங்கள்: ஐந்து உயிரியல் பாடங்களுக்கு அடியில் ஓடும் ஒரு கருத்து

மேல்நிலை வகுப்பு உயிரியலைப் படிக்கத் தொடங்கும் மாணவருக்கு அது ஒன்றோடொன்று ஒட்டாத பாடங்களின் தொகுதியாகத் தோன்றுவது இயல்பே. செல் சவ்வு ஒரு பாடம், சுவாசித்தல் இன்னொரு பாடம், ஒளிச்சேர்க்கை, நரம்புத் தூண்டல், சிறுநீர் உருவாதல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படங்கள், தனித்தனிக் கலைச்சொற்கள். ஆனால் இந்த ஐந்தின் அடியிலும் ஓடுவது ஒரே கருத்துதான். ஒரு சவ்வின் இரு பக்கங்களிலும் ஒரு பொருள் சமமில்லாத அளவில் இருந்தால், அந்தச் சமமின்மையிலிருந்து வேலை வாங்க முடியும். செல் தன் ஆற்றலில் பெரும்பங்கைச் செலவிட்டு இந்தச் சமமின்மையை உண்டாக்குகிறது. பிறகு அதையே செலவிட்டுத் தன் காரியங்களை நடத்திக்கொள்கிறது. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் ஐந்து பாடங்களும் ஒரே பாடத்தின் ஐந்து பகுதிகளாகத் தெரியத் தொடங்கும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் செல் சவ்வைப் பற்றிய பாடத்தை எளிதென்று எண்ணி விரைந்து கடந்துவிடக் கூடாது என்று சொல்கிறேன்.

சவ்விலிருந்தே தொடங்குவோம். செல் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு. அதன் அடிப்படை பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வகை மூலக்கூறுகள். அம்மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலை ஒன்றும், நீரை விலக்கும் கொழுப்பு வால்கள் இரண்டும் உண்டு. நீருக்குள் விடப்பட்டால் இம்மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை இருபுறமும் நீரை நோக்கி வைத்து, தாமாகவே இரட்டை அடுக்காக அமைந்துவிடுகின்றன. இந்த அடுக்கில் புரதங்கள் ஆங்காங்கே பதிந்தும் பக்கவாட்டில் நகர்ந்தும் இருக்கின்றன என்ற பாய்ம மொசைக் மாதிரியை சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் முன்வைத்தனர். நமக்கு இங்கே முக்கியமானது அதன் விளைவு. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சிறிய, மின்னேற்றமற்ற மூலக்கூறுகள் கொழுப்பு அடுக்கின் வழியே தாராளமாகச் சென்று வருகின்றன. சோடியம் அயனி, பொட்டாசியம் அயனி, ஹைட்ரஜன் அயனி ஆகியவையோ மின்னேற்றம் கொண்டவை என்பதால், கொழுப்பு வால்களின் பகுதியைத் தாமாகக் கடக்க அவற்றால் ஏறக்குறைய முடிவதே இல்லை. அவை செல்ல வேண்டுமானால் அதற்கென்று ஒரு புரதம் வழிவிட வேண்டும். கதவுகள் புரதங்களின் கையில் இருப்பதால்தான் செல்லால் ஒரு பக்கத்தில் ஒரு பொருளைச் சேர்த்துவைக்க முடிகிறது.

இந்தத் தேர்ந்து கடத்தும் தன்மையை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்க்கலாம். ரியோ என்ற அழகுச் செடியின் இலையிலிருந்து ஊதா நிற அடிப்புறத் தோலைச் சிறு துண்டாக உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் வைத்துப் பார்த்தால், தேன்கூட்டு அறைகளைப் போல நெருங்கி நிற்கும் செல்களில் விளிம்பு வரை ஊதா நிறம் நிறைந்திருக்கும். மூடுதகட்டின் ஓர் ஓரத்தில் அடர்ந்த உப்புக் கரைசலைச் சொட்டாக விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து நீரை உறிஞ்சினால், சில நிமிடங்களில் ஊதா நிறம் முதலில் மூலைகளிலிருந்து விலகத் தொடங்கும். பிறகு அது சுருங்கிச் சுருங்கி, நிறமற்ற அறையின் நடுவே ஓர் ஊதாத் திரளாக நிற்கும். செல்சுவர் அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்க, சவ்வு மட்டும் அதிலிருந்து விலகி வந்துவிட்டது. நீர் வெளியேறியிருக்கிறது, நிறமியோ ஒரு துளிகூட வெளியே வரவில்லை. நீர் தன் செறிவு மிகுந்த இடத்திலிருந்து, அதாவது கரைபொருள் குறைந்த இடத்திலிருந்து, கரைபொருள் மிகுந்த இடத்துக்குச் சவ்வின் வழியே சென்றது. சவ்வூடு பரவல் என்பது இதுதான். இந்நிலையில் சுவருக்கும் சவ்வுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் போன்ற பகுதியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி தேர்வுகளில் அடிக்கடி வருவது. அங்கே இருப்பது வெளியிலிருந்த உப்புக் கரைசல். செல்சுவர் உப்பைத் தடுப்பதில்லை, சவ்வே தடுக்கிறது என்பதை உணர்ந்தவருக்கு இந்த விடையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை.

இனி, சமமின்மை எப்படி ஆற்றலாகிறது என்று பார்ப்போம். உயரத்தில் தேக்கிய நீர் பள்ளத்தை நோக்கிப் பாயும்போது நாம் அதன் வழியில் ஒரு சுழலியை வைத்து வேலை வாங்குகிறோம். ஒரு பொருள் செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து செறிவு குறைந்த பக்கத்துக்குச் செல்வதும் அப்படிப்பட்ட இறக்கமே. அதன் வழியில் தக்க புரதம் ஒன்றை வைத்தால் அங்கும் வேலை நடக்கும். ஆனால் இந்த ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். அயனிகளைப் பொறுத்தவரை இழுவிசைகள் இரண்டு: ஒன்று செறிவு வேறுபாடு, மற்றொன்று மின்னேற்ற வேறுபாடு. உட்புறம் எதிர்மின்னேற்றம் மிகுந்திருந்தால் நேர்மின் அயனி உள்ளே இழுக்கப்படும், அங்கே அதன் செறிவு கூடுதலாக இருந்தாலும்கூட. இவ்விரண்டும் சேர்ந்ததையே மின்வேதிச் சரிவு என்கிறோம். நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மையோடு இருக்கிறது. கேட்பதற்கு அற்பமான அளவு. ஆனால் அது 7 நானோமீட்டர் தடிமனுக்குள் அடங்கியிருக்கிறது என்பதைக் கணக்கில் கொண்டு வகுத்துப் பார்த்தால், மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் என்ற மின்புலம் கிடைக்கிறது. அயனிக் கால்வாய்ப் புரதங்கள் மின்னழுத்தம் சற்றே மாறினாலும் வடிவம் மாறித் திறந்துகொள்வதற்குக் காரணம் இத்தகைய வலிய புலத்தில் அவை நிற்பதுதான்.

இந்தச் சமமின்மையை விலங்குச் செல்களில் உண்டாக்கும் முதன்மையான இயந்திரம் சோடியம்–பொட்டாசியம் பம்ப். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ நண்டு நரம்புகளில் ஆய்வு செய்து, இந்த நொதியைப் பற்றி 1957இல் அறிவித்தார். அதன் ஒரு சுற்று இப்படி நடக்கிறது. செல்லின் உட்புறம் நோக்கித் திறந்திருக்கும் நிலையில் இப்புரதம் மூன்று சோடியம் அயனிகளைப் பற்றிக்கொள்கிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறின் ஒரு பாஸ்பேட் புரதத்தின் மேல் ஏறியதும் அதன் வடிவம் மாறி வெளிப்புறம் நோக்கித் திறக்க, சோடியம் வெளியே விடப்படுகிறது. அதே நிலையில் வெளியிலிருந்து இரண்டு பொட்டாசியம் அயனிகள் வந்து பொருந்துகின்றன. பாஸ்பேட் கழன்றதும் புரதம் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் பொட்டாசியத்தை உள்ளே விடுகிறது. மூன்று வெளியே, இரண்டு உள்ளே, ஓர் ஏடிபி செலவு. இதன் பயனாக வெளியே லிட்டருக்கு ஏறத்தாழ 145 மில்லிமோல் இருக்கும் சோடியம் உள்ளே 12 அளவிலேயே இருக்கிறது. பொட்டாசியமோ உள்ளே 140, வெளியே 4 என்று தலைகீழாக இருக்கிறது. நாம் அசையாமல் படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்த ஒரு பம்புக்கே போகிறது.

நரம்புத் தூண்டலில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் இங்கேதான் வருகிறது. தூண்டல் கடந்துபோகும் நொடியில் பம்ப் விரைந்து இயங்கி அயனிகளை இடம் மாற்றுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. தூண்டல் வரும் இடத்தில் முதலில் சோடியம் கால்வாய்கள் திறக்கின்றன. வெளியே நிறைந்தும் உள்ளே குறைந்தும் இருப்பதால் சோடியம் தானாகவே உள்ளே பாய்கிறது. உட்புறம் சில கணம் நேர்மின் தன்மை பெறுகிறது. உடனே சோடியம் கால்வாய்கள் அடைபட, சற்றுத் தாமதமாகத் திறக்கும் பொட்டாசியம் கால்வாய்களின் வழியே பொட்டாசியம் வெளியே பாய, பழைய மின்னழுத்தம் திரும்பிவிடுகிறது. இவை அனைத்தும் ஓரிரு மில்லிநொடிகளில் முடிந்துவிடுகின்றன. இந்த நிகழ்வில் பம்புக்கு நேரடிப் பங்கு இல்லை. கணவாயின் ஒரு மில்லிமீட்டர் வரை பருமனுள்ள நரம்பிழையைக் கொண்டு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் இந்தக் கால்வாய்ப் பாய்வுகளைக் கணக்கிட்டுக் காட்டினர். 1955இல் ஹாட்ஜ்கினும் கெய்ன்ஸும் நரம்பிழைகளை டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருளில் வைத்துச் சோடியம் வெளியேற்றத்தை நிறுத்தினார்கள். அப்போதும் அந்த இழைகள் தூண்டல்களைக் கடத்திக்கொண்டிருந்தன. ஒரு தூண்டலுக்கு இடம் மாறும் அயனிகளின் எண்ணிக்கை மிகச் சொற்பம் என்பதும், செறிவுகள் ஏறக்குறைய மாறுவதே இல்லை என்பதும் இதனால் விளங்கும். பம்ப் முன்கூட்டியே சேர்த்துவைத்த இருப்பைத்தான் நரம்பு சிறிது சிறிதாகச் செலவழிக்கிறது.

டைநைட்ரோபீனால் பம்பை நேரடியாகத் தாக்குவதில்லை. அது தாக்கும் இடம் வேறு. அதைப் புரிந்துகொள்ள, செல்லுக்குள் ஏடிபியில் பெரும்பகுதி உருவாகும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் செல்ல வேண்டும்.

கிளைக்காலிசிஸ், கிரப்ஸ் சுழற்சி ஆகிய இரண்டிலும் குளுக்கோஸ் படிப்படியாகச் சிதைந்து, அதன் எலக்ட்ரான்கள் என்ஏடிஎச் போன்ற ஏந்திகளுக்கு வந்துசேர்கின்றன. அந்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்விலுள்ள எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியின் வழியே சென்று, முடிவில் ஆக்சிஜனை அடைந்து நீராகின்றன. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனின் பெரும்பகுதி பயன்படுவது இந்தக் கடைசிப் படியில்தான். இது வரை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரான்களின் இந்தப் பயணம் எப்படி ஏடிபி உருவாக்கமாக மாறுகிறது என்பதே புதிராக இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஆற்றல் மிகுந்த ஓர் இடைநிலைச் சேர்மம் இருந்தாக வேண்டும் என்று உயிர்வேதியியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். அப்படி ஒன்று அகப்படவே இல்லை. பீட்டர் மிட்செல் 1961இல் சொன்ன விடை அக்காலத்தவரைத் திகைக்கவைத்தது: தேடப்படுவது ஒரு சேர்மமே அன்று, சவ்வின் இரு பக்கங்களுக்கு இடையிலான ஹைட்ரஜன் அயனி வேறுபாடுதான் அது என்றார். எலக்ட்ரான்கள் இறங்கிச் செல்லும்போது வெளிப்படும் ஆற்றல் ஹைட்ரஜன் அயனிகளை உட்சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை ஏடிபி சிந்தேஸ் என்ற நொதியின் வழியே திரும்பி வரும்போது ஏடிபி உருவாகிறது. இதுவே வேதிச் சவ்வூடு பரவல் கொள்கை. நெடுங்கால எதிர்ப்புக்குப் பின் 1978இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கொள்கைக்குக் கிடைத்த சான்றுகளில் மாணவர் ஒவ்வொருவரும் தம் கையால் வரைந்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஆண்ட்ரே யாகன்டார்ஃபும் எர்னஸ்ட் உரிபேயும் 1966இல் கீரையின் பசுங்கணிகங்களிலிருந்து கிடைத்த தைலக்காய்டுகள் என்ற சவ்வுப் பைகளை பிஎச் மதிப்பு 4 உள்ள அமிலக் கரைசலில் ஊறவைத்தனர். அமிலம் தைலக்காய்டுகளின் உட்புறத்துக்கும் சென்று நிறையும் வரை காத்திருந்து, பிறகு அவற்றைச் சட்டென்று பிஎச் 8 உள்ள கரைசலுக்கு மாற்றி, ஏடிபியின் முன்னோடியான அடினோசின் டைபாஸ்பேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்தனர். பிஎச் அளவில் ஒரு படி என்பது பத்து மடங்கு. எனவே நான்கு படி வேறுபாடு என்பது உட்புறம் வெளிப்புறத்தைவிடப் பத்தாயிரம் மடங்கு ஹைட்ரஜன் அயனிகள் செறிந்திருப்பதைக் குறிக்கும். ஏடிபி உருவானது. இவை அனைத்தும் இருட்டில் நடந்தன. ஒளியே இல்லாமல், எலக்ட்ரான் ஓட்டமே இல்லாமல், வெறும் சமமின்மை மட்டும் ஏடிபியைத் தந்துவிட்டது. ஒளிச்சேர்க்கையின் முதற்கட்டமான ஒளிவினையில் ஒளியின் வேலை எலக்ட்ரான்களை ஓடவைத்து அந்தச் சமமின்மையை உண்டாக்குவது என்பது இதன்பின் எவ்வளவு தெளிவாகிறது! சுவாசித்தலும் ஒளிச்சேர்க்கையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பாடம் சொல்லித் தருகிறது. ஏடிபி உண்டாகும் படியில் அவை இரண்டும் ஒரே முறையைத்தான் பின்பற்றுகின்றன. ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைக்கலாம்: மைட்டோகாண்ட்ரியாவில் மின்னழுத்த வேறுபாடு பெரும்பங்கு வகிக்கிறது, பசுங்கணிகத்தில் பிஎச் வேறுபாடு பெரும்பங்கு வகிக்கிறது.

ஏடிபி சிந்தேஸ் உண்மையிலேயே சுழலும் ஓர் இயந்திரம். சவ்வில் பதிந்த அதன் வளையம், ஹைட்ரஜன் அயனிகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும்போது சுழல்கிறது. வளையத்தோடு இணைந்த தண்டும் சேர்ந்து சுழன்று, தலைப்பகுதியிலுள்ள மூன்று வினைமையங்களையும் முறைவைத்து அழுத்தி, ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபிகளை வெளியிடச் செய்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் அந்தத் தண்டின் நுனியில் ஒளிரும் ஆக்டின் என்ற புரத இழை ஒன்றை ஒட்டி, அது சுழல்வதை நுண்ணோக்கியில் நேரில் பார்த்தார்கள். அதே ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இந்த நொதியின் இயக்கத்தை விளக்கிய பாயருக்கும் வாக்கருக்கும், முன்னே சொன்ன பம்பைக் கண்டறிந்த ஸ்கோவுக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஏடிபியைச் செலவிட்டுச் சரிவை உண்டாக்கும் புரதத்துக்கும், சரிவைச் செலவிட்டு ஏடிபியை உண்டாக்கும் புரதத்துக்கும் ஒரே மேடையில் கிடைத்த சிறப்பு அது.

ஒரு குளுக்கோஸிலிருந்து எத்தனை ஏடிபி என்ற கேள்விக்குப் பழைய நூல்கள் 36 அல்லது 38 என்றும், புதியவை 30 அல்லது 32 என்றும் சொல்வதைப் பார்த்து மாணவர் குழம்புவதுண்டு. நடுவே இருப்பது சேர்மம் அன்று, ஒரு சரிவு என்பதை நினைத்தால் குழப்பம் தீரும். விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் அந்த வளையத்துக்கு எட்டு அலகுகள். எட்டு அயனிகள் கடந்தால் மூன்று ஏடிபி, அதாவது ஓர் ஏடிபிக்கு முழு எண்ணாக வராத ஒரு பங்கு. அதோடு, பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவருவதற்கும் உருவான ஏடிபியை வெளியே அனுப்புவதற்கும் அதே சரிவிலிருந்து ஒரு பகுதி செலவாகிறது. கொஞ்சம் கசிந்தும் போகிறது. பழைய கணக்கு முழு எண்களை எடுத்துக்கொண்டதால் மிகுந்து வந்தது.

கசிவு என்ற சொல் நம்மை டைநைட்ரோபீனாலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. கொழுப்பில் கரையக்கூடிய இந்தச் சிறு மூலக்கூறு, ஹைட்ரஜன் அயனியை ஏந்திக்கொண்டு சவ்வை நேரடியாகக் கடந்துவிடும். அயனிகள் ஏடிபி சிந்தேஸின் வழியே வராமல் இப்படிக் குறுக்கு வழியில் திரும்பிவிட்டால், எலக்ட்ரான் ஓட்டமும் ஆக்சிஜன் செலவும் முன்னைவிட விரைவாக நடக்கும். ஏடிபி மட்டும் உருவாகாது. ஆற்றல் அத்தனையும் வெப்பமாகிவிடும். நரம்பிழையில் பம்ப் நின்றது ஏடிபி தீர்ந்துபோனதால்தான். 1930களில் அமெரிக்காவில் உடல் எடையைக் குறைக்க இதை மருந்தாகக் கொடுத்தார்கள். எடை குறைந்தது, ஆனால் உடல் வெப்பம் அடக்க முடியாமல் ஏறிப் பலர் இறந்ததால் 1938இல் அந்தப் பயன்பாடு முடிவுக்கு வந்தது. பச்சிளங்குழந்தைகளின் பழுப்புக் கொழுப்புத் திசுவில் தெர்மோஜெனின் என்ற புரதம் இதே கசிவைக் கட்டுப்பாட்டோடு நடத்தி, குளிரில் நடுங்கத் தெரியாத அந்த உடலைச் சூடாக வைத்திருக்கிறது.

இப்போது சிறுநீரகத்துக்கு வரலாம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மம் இரத்த நுண்குழாய் முடிச்சுகளான குளோமருலஸ்களில் வடிகட்டப்படுகிறது. அதனோடு ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸும் சிறுநீரகத்தின் நுண்குழல் அலகுகளான நெஃப்ரான்களுக்குள் இறங்குகிறது. நலமான உடலின் சிறுநீரில் குளுக்கோஸ் அநேகமாக இருப்பதே இல்லை. நெஃப்ரானின் தொடக்கப் பகுதியான அண்மைச் சுருள் நுண்குழல் அதை முழுவதுமாக மீட்டுவிடுகிறது. குளுக்கோஸைச் செறிவுக்கு எதிராக இழுக்க அங்கே தனிப் பம்ப் எதுவும் இல்லை. நுண்குழல் செல்லின் இரத்தத்தை நோக்கிய பக்கத்தில் சோடியம்–பொட்டாசியம் பம்ப் இடைவிடாமல் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் செல்லுக்குள் சோடியம் குறைந்திருக்கிறது. குழலை நோக்கிய பக்கத்திலுள்ள கடத்துப் புரதம் ஒரு நிபந்தனையின் பேரில் மட்டுமே சோடியத்தை உள்ளே விடுகிறது: அது குளுக்கோஸையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சோடியம் தன் சரிவில் இறங்குகிறது, குளுக்கோஸ் அதன் தோளில் ஏறி மேட்டைக் கடக்கிறது. இரண்டாம் நிலை ஆற்றல் சார் கடத்தல் என்பதன் பொருள் இதுவே. இந்தச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா ஏன் அடர்ந்து கிடக்கின்றன என்ற வினாவுக்கு, ஹைட்ரஜன் அயனிச் சரிவிலிருந்து ஏடிபி, ஏடிபியிலிருந்து சோடியம் சரிவு, சோடியம் சரிவிலிருந்து குளுக்கோஸ் என்று சங்கிலியாக எழுதுவதே முழுமையான விடை.

சிறுகுடலின் சுவரிலும் இதே வகைப் புரதம் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் இணைந்தே உறிஞ்சப்படுகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார். காலராவில் குடல் நீரை வெளியே கொட்டினாலும் இந்த இணைக் கடத்தல் பழுதடைவதில்லை. வெறும் உப்பு நீரைக் குடித்தால் குடல் அதைப் போதிய அளவு ஏற்பதில்லை. குளுக்கோஸ் சேர்ந்தால் சோடியம் உள்ளே செல்கிறது, நீர் அதைப் பின்தொடர்கிறது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின் அகதிகள் நிறைந்திருந்த மேற்கு வங்கத்தின் பங்காவ்ன் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைப் பெருந்திரளானோருக்குக் கொடுத்து உயிரிழப்பை வெகுவாகக் குறைத்தார். இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாய்வழி நீரேற்றக் கரைசலின் ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் சோடியம் குளோரைடும், அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் உள்ளன. சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் குடலின் உள்வெளியில் கரைபொருள் செறிவு இரத்தத்தைவிட உயர்ந்துவிடும். அப்போது உப்புக் கரைசலில் வைத்த ரியோ செல்லிலிருந்து நீர் வெளியேறியதைப் போலவே, உடலிலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படும். 2002இல் அக்கரைசலின் மொத்தச் செறிவை 311 மில்லி ஆஸ்மோலிலிருந்து 245ஆகக் குறைத்து, இரத்தத்தின் அளவான ஏறத்தாழ 290க்குக் கீழே கொண்டுவந்தார்கள்.